சந்திக்காத படிக்கட்டுகள்

எர்சிலியா கிணற்றின் அடியிலிருந்த பாலத்தை அடைந்தபோது, பின்னால் வரவேண்டிய கணவர் ஓஸ்வால்தோ அவளுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அவளைத் தாண்டி அவர் வரவில்லை. பாதி வழியில், மூச்சு வாங்குகிறதென்று சுவரில் வெட்டிய ஜன்னல் திட்டில் உட்கார்ந்துவிட்டவர் அவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அப்பாவைப் படிக்கட்டில் தனியாக விடவே கூடாதென்று மகள் லொரெதானா சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் எதையும் முதலில் பார்த்துவிட்டு வந்து எங்கள் அங்கோனா அடுக்ககம் முழுக்கச் சொல்லும் வியாதி எர்சிலியாவுக்கு உண்டு. அதற்கு மாத்திரை கிடையாது. அவரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

"எந்தப் பக்கமா வந்த?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்றிருந்தது. மேற்கொண்டு கேட்க அவளுக்குத் தெம்பில்லை. நாற்பதாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் பணம் கட்டி அனுப்பிய பேருந்துச் சுற்றுலா. பிளாரன்ஸ், சியெனா, பெருஜா, அசீசி, இப்போது ஓர்வியேத்தோவின் இந்தப் பழைய கிணறு. பாதம் காலணிக்குள் வீங்கி, எந்தக் கோயில் எந்த ஊர் என்பதே குழம்பிவிட்டது. எல்லா ஊரிலும் அதே மாதா, அதே படி என்று ஓஸ்வால்தோ காலையிலிருந்து முனகியதில் தப்பொன்றும் இல்லை.

தண்ணீர் சுமந்த கழுதைகள் ஒன்றையொன்று முட்டாமலிருக்க, அந்தக் காலத்தில் இறங்க ஒரு படிக்கட்டும் ஏற ஒரு படிக்கட்டும் வைத்துவிட்டார்கள். இரண்டும் கிணற்றைச் சுற்றிச் சுற்றிப் போகும்; அடிப்பாலத்தைத் தவிர எங்கும் சந்திக்காது. இந்தப் பக்க ஜன்னலில் நின்றால் அந்தப் பக்க ஜன்னல் தெரியும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் எப்போதோ மேலே போய்விட்டார்கள். பாசியும் ஈரக்கல்லும் யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோலும் கலந்த வாடையில், எங்கோ சொட்டும் நீரின் ஓசையையும் தன் மூச்சிரைப்பையும் கேட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து வைத்து ஏறினாள். அவர் ஒரு படி முன்னால், அவள் கையைப் பிடித்தபடி. ஐம்பது படி. எண்பது. அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி ஏறுவதற்குள் அவர் விடும் மூச்சில் எல்லா வீட்டுக்கும் அவர் வந்தது தெரிந்துவிடும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷப்பட்டும் பார்த்தாள்.

நூறாவது படிக்கருகே ஒரு ஜன்னலில் சாய்ந்து நின்றாள்.

எதிர் ஜன்னலில் ஓஸ்வால்தோ உட்கார்ந்திருந்தார்.

விட்டுவந்த அதே திட்டு. சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எர்சி, எங்கடி போயிட்ட? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். நெஞ்சு என்னமோ பண்ணுது."

பேசினால் கேட்கும் தூரம். கை எட்டாத தூரம். அவரிடம் போக வேண்டுமென்றால் அடிவரை இறங்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். காலில் உயிரில்லை. இருந்தாலும் போவாள். போயே ஆகவேண்டும்.

"விடு," என்றாள், தன் கையைப் பிடித்திருந்ததிடம். "பையைக் கீழ வச்சுட்டேன்."

"பஸ் போயிடும்." ஓஸ்வால்தோவின் குரல்தான். களைப்பே இல்லாத குரல்.

பிடி இறுகியது.

"அங்கேயே இரு, நான் வரேன்," என்று எதிர்ப்பக்கம் கத்தினாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

அந்தப் படிக்கட்டில் காலடிச் சத்தம். மேலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். எர்சிலியா உடுத்தியிருந்த அதே காப்பி நிறப் பாவாடை. அகன்ற முதுகு. வந்தவள் குனிந்து அவர் நெற்றியைத் துடைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டியா எர்சி. அதுக்குள்ள எப்படி வந்த?"

அவள் சிரித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எர்சிலியா கையை உதறினாள்; பிடி விடவில்லை. எதிர்ப்பக்கம் அடுத்த ஜன்னலில் இருவரும். அதற்கும் கீழே இருவரும். பிறகு அடியில், பாலத்தருகே.

அவர்கள் பாலத்தில் கால் வைக்கவில்லை. அதற்குக் கீழே தண்ணீர்தான், படிகள் கிடையாது. இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முழங்கால். இடுப்பு. தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்துவிட்டது. ஓஸ்வால்தோ தன் கையைப் பிடித்திருந்தவள் பக்கம் முகத்தைத் திருப்பி, இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.