சுருளாத இறக்கை

காலை 10.05. தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. ‘பொய்ப் படங்கள் தந்த மாணவி நிலோஃபர் இன்று நண்பகல் முதல் நீக்கப்படுகிறார்.’

நெய்னா முகம்மது அதை இரண்டு முறை படித்தார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், நிலோஃபரின் பெரியத்தா, அவள் அத்தாவின் அண்ணன். சொந்த ஊரான நன்னிலத்தில் அவர் குடும்பத்துப் பெயரோடு ‘பொய்’ என்ற சொல்லை இதுவரை எவரும் சேர்த்ததில்லை.

“என்ன படம்மா?” என்று பக்கத்தில் நின்ற நிலோஃபரிடம் கேட்டார்.

“பழ ஈயோட கரு, பெரியத்தா. உள்ளே சில செல்கள் நகர்ந்து போய்த் தன் இடத்தைச் சேரும். ஒரு மூலக்கூறுதான் வழிகாட்டும். அதுக்கான மரபணு கெட்டா, செல்லெல்லாம் வழிதவறிச் சிதறிடும். அதைத்தான் படமெடுத்தேன்.”

“உன் ஈக்கு அடையாளம்?”

“கெட்ட மரபணுவைச் சுமக்குற ஈக்கு இறக்கை சுருண்டிருக்கும். அப்படித்தான் வளர்த்து வச்சிருக்கோம்.”

10.20. பேராசிரியர் பெரியநாயகசாமியின் அறை. சீனியர் மாணவன் ஆல்பின் கைகட்டி நின்றான்.

“திங்கக்கிழமை, இவ ஈ வளர்க்கிற கண்ணாடிக் குழாயில இருந்த முட்டையைப் பார்த்தேன். செல்லெல்லாம் ஒழுங்காப் போய்ச் சேருது. இவ படம் பொய்.”

“இங்க ஈ வளர்க்கிறது யாரு?” என்றார் நெய்னா முகம்மது.

“நானும் இவளும்தான். நான் சீனி போட்டுத் தீனி காய்ச்சுவேன். இந்த மகாராணி வெல்லம் போடுவாங்க. அறை முழுக்க எறும்பு!”

“அவ படம் நிஜம்னா யாருக்கு நஷ்டம்?”

பேராசிரியர் தயங்கினார். “அந்த மூலக்கூறு தேவையே இல்லைன்னு ஆல்பின் கட்டுரை எழுதியிருக்கான்.”

“குழாயை எடுங்க.”

திங்களன்று அந்தக் குழாயை வைத்துப் பேராசிரியர் பூட்டிய அலமாரி திறந்தது. நெய்னா முகம்மது லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் கறுத்தது.

“நீங்களே பாருங்க, ஐயா. எல்லாரும் முட்டையைப் பார்த்தீங்க. ஈயை எவனும் பார்க்கலை. ஒண்ணுக்குக்கூட இறக்கை சுருளலை. அடியில இருக்கிற தீனி வெளுப்பு. வெல்லம் இப்படியா இருக்கும்? தீனி ஆல்பினோடது. ஈ நல்ல ஈ. மேல ஒட்டின சீட்டு மட்டும்தான் எங்க பொண்ணோடது. அவ குழாயிலேருந்து உரிச்சு இதுல ஒட்டியிருக்கான்.”

பேராசிரியர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். ஆல்பின் பக்கம் திரும்பினார்.

“அவ குழாய் எங்கடா?”

ஆல்பின் தரையைப் பார்த்தான். “கழுவிட்டேன் சார்.”

“தப்பு நடந்துபோச்சு. நீக்கினதை வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றார் பேராசிரியர்.

“அறைக்குள்ள சொன்னா போதுமா? பொய்க்காரின்னு பலகையில எழுதினீங்க. மன்னிப்பும் அங்கதான் தொங்கணும். உங்க கையெழுத்தோட. நிலோஃபர், கிளம்பு. இந்த இடம் நமக்கு வேணாம்.”

அவள் அசையவில்லை. “குளிர்பெட்டியில இன்னொரு குழாய் வச்சிருக்கேன், பெரியத்தா. அதுல மறுபடி படமெடுப்பேன். இவர் கண்ணு முன்னால.”

அவர் அவளை முறைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அறிவிப்புப் பலகைக்கு நேரெதிரே போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.

11.40. புதிய தாள் ஏறியது. அதன் பிறகுதான் எழுந்தார்.