நூறு கதிரைகளில் ஒரு நாடு

லண்டனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி என்றால் மேடையில் பேசுவது பிள்ளைகள். போட்டி போடுவது அப்பாமார். 1994ஆம் ஆண்டு 'நான் அறிந்த ஒரு நாடு' என்று தலைப்புத் தந்தார்கள். நான் உகண்டாவைத் தெரிந்தெடுத்தேன். என் அப்பா யோகலிங்கம் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டி, மூன்று பக்கம் எழுதித் தந்தார்.

உகண்டாவை எடுத்ததற்குக் காரணம் நமுபிரு. வட லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவள். அங்கே பிறந்து, இரண்டு வயதில் லண்டனுக்கு வந்துவிட்டாள். பிறந்த நாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

ஒருநாள் எங்கள் ஆங்கிலப் பள்ளி வகுப்பில் ஒருவன் அவளிடம், "உன் நாட்டில் சிங்கம்தானே இருக்கிறது? ஆட்கள் எங்கே?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நமுபிரு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"சனிக்கிழமை எங்கள் போட்டிக்கு வா. உன் நாட்டு ஆட்களைப் பற்றி ஒரு மண்டபத்துக்கே சொல்கிறேன், பார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவளும் வந்தாள். இரண்டாம் வரிசையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மேடையில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாதே!

"பேரன்புமிக்க பெரியோர்களே! உகண்டா நாட்டு மக்களுள் நூற்றுக்கு நாற்பத்தேழு பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்தோர் என்பதைக் குடித்தொகைக் கணக்கெடுப்பு பறைசாற்றுகின்றது..."

முன்வரிசையில் பிரதம விருந்தினர் டொக்டர் செல்வரத்தினம் கொட்டாவி விட்டார். யாரோ இரண்டு பேர் சேலைக் கதை கதைத்தார்கள். நமுபிரு மட்டும் கண்ணை விரித்து என்னையே பார்த்தாள். பாவம், ஒன்றும் விளங்காமலே புன்னகைத்தாள்.

நான் பேச்சை நிறுத்தினேன்.

மறந்துவிட்டேன் என்று அப்பா நினைத்துவிட்டார். "பறைசாற்றுகின்றது... பறைசாற்றுகின்றது..." என்று வாயை அசைத்து எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அது தேவைப்படவில்லை. நான் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து வரிசை. வரிசைக்குப் பத்து. சரியாக நூறு!

"முன் நாலு வரிசையில இருக்கிற ஆக்கள் கொஞ்சம் எழும்புவியளோ?"

"ஆர், நாங்களோ?" என்றார் டொக்டர்.

"ஓம் ஐயா. அஞ்சாம் வரிசையிலயும் ஏழு பேர் எழும்பவேணும்."

"சிவகௌரி! என்ன விசர் வேலை பாக்கிறாய்?" என்று அப்பா பதறினார்.

டொக்டர் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "பொறுங்கோ யோகலிங்கம். பிள்ளை என்ன செய்யுது எண்டு பாப்பம்."

அவரே எழும்பிவிட்டால் மற்றவர்கள் இருக்க ஏலுமா? கதிரைகள் கிறீச்சிட்டன. நமுபிருவை மட்டும் இருக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

பிறகு ஓடிப்போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தேன். சத்தம் போடுகிறார்கள் என்று பிள்ளைகளை எல்லாம் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்.

"வாங்கோ, வந்து இருங்கோ!"

அவ்வளவுதான். திமுதிமுவென்று வந்து விழுந்தார்கள். லட்டுப் பிசுக்குக் கையோடு ஒரு சின்னவன் டொக்டரின் கதிரையில் ஏறிக்கொண்டான். நமுபிருவோடு சேர்த்து நாற்பத்தேழு வந்ததும், "காணும்!" என்று கதவைச் சாத்தினேன்.

உகண்டாவில் நூற்றுக்கு மூன்று பேர்தான் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். அப்படி மூன்று பேரைக் கடைசி வரிசை மூலையில் இருக்க வைத்தேன். நடுவில் ஐம்பது அம்மா அப்பாமார். மிச்சப்பேர் சுவரோரம் நின்றார்கள்.

திரும்ப மேடையில் ஏறி, "இந்த நூறு கதிரையும்தான் உகண்டா. பாருங்கோ!" என்றேன். நமுபிருவுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

வரிசை வரிசையாகச் சின்னத் தலைகள். நிலத்தில் முட்டாமல் ஆடிய கால்கள். இரண்டு கிழமையாக 'நாற்பத்தேழு' என்று பாடமாக்கியவள் நான். அது இவ்வளவு பெரிதென்று அப்போதுதான் கண்டேன். அம்மாடி! ஒரு நாட்டில் பாதிக்குக் கிட்ட எங்களைப் போன்ற பிள்ளைகளா!

"இவ்வளவு பேருக்கும் எத்தினை பள்ளிக்கூடம் வேணும்!" என்றார் டொக்டர். அவர் குரல் மெதுவாக வந்தது.

"இவையெல்லாம் வளர்ந்து வந்தா அந்த நாடு எப்பிடி இருக்கும்!" என்றார் அம்மா.

அப்பா சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாயசைப்பதை நிறுத்திவிட்டார்.

நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

நமுபிரு மட்டும் எழுந்து மேடைக்கு ஓடி வந்தாள். "நீ நிற்கிற இடத்திலிருந்து நானும் பார்க்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் பக்கத்தில் நின்று, விரலை நீட்டி, ஒவ்வொரு பிள்ளையாக எண்ணினாள். எண்ணி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"நாற்பத்தாறு" என்றாள்.

"நாற்பத்தேழு இருக்க வேண்டுமே. ஒன்று குறைகிறது" என்றேன்.

கீழே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அது நான்!" என்று கத்திவிட்டு, படிகளில் குதித்து இறங்கி, ஓடிப்போய்த் தன் கதிரையில் இருந்தாள்.