ரிவர்ஸில் பாய்ந்த கார்

காலை 9.20. பட்டறையின் பின்சுவருக்கும் ஒரு ஆட்டோமேட்டிக் காருக்கும் நடுவில் முதலாளி நசுங்கிக் கிடந்தார். உயிர் இருந்தது. இடது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

10.05. இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்கியபோது, குற்றவாளி யாரென்று பட்டறையே தீர்ப்பு எழுதி வைத்திருந்தது: மெக்கானிக் ‘சந்தேகம்’. தான் முறுக்கிய போல்ட்டையே மூன்று தடவை முறுக்கிப் பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? முந்தின நாள் அந்தக் காரின் கியர் நிலை ஸ்விட்சைச் சரிசெய்து பூட்டியவர் அவர்தான். இப்போது ஜீப்பருகே கான்ஸ்டபிளின் பிடியில் நின்றார்.

“சாவியைத் திருப்பினது நான்தான் மேடம்” என்றான் சூப்பர்வைசர். முதலாளியின் மச்சினன். “லீவர் ரிவர்ஸ்ல கிடந்ததை கவனிக்கல. ரிவர்ஸ்ல வண்டி ஸ்டார்ட்டே ஆகக் கூடாது. இவன் ஸ்விட்சைக் கோணலா பூட்டியிருக்கான், பாய்ஞ்சிருச்சு. அத்தான் பின்னாடி நம்பர் பிளேட் மாட்டிக்கிட்டு இருந்தாரு.”

“ரிவர்ஸ் விளக்கு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுதே. சுவரெல்லாம் வெளிச்சம். கண்ணாடியில பார்த்தேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளி போனில் சொன்னார். “கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா. மூஞ்சியில வெள்ளை வெளிச்சம் அடிச்சுது, அவ்வளவுதான். பட்டறைப் பொறுப்பை மெக்கானிக்கிட்ட குடுக்கப் போறேன்னு நேத்துதான் மச்சினன்கிட்ட சொல்லியிருந்தேன்.”

10.40. “இந்த ஸ்விட்ச் என்னதான் பண்ணும்?” என்று மெக்கானிக்கைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“லீவர் எங்க இருக்குன்னு வண்டிக்குச் சொல்லும் மேடம். பார்க்கிங், நியூட்ரல்னு சொன்னா ஸ்டார்ட் ஆக விடும். ரிவர்ஸ்னு சொன்னா பின்னாடி ரிவர்ஸ் விளக்கு எரியும்.”

இன்ஸ்பெக்டர் பிரேக்கை அழுத்தி, லீவரை ரிவர்ஸில் வைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

“பாத்தீங்களா?” என்றான் மச்சினன்.

“கான்ஸ்டபிள், விளக்கு?”

“எரியல மேடம்.”

“சரி. இப்ப நேரா பூட்டுங்க.”

மெக்கானிக் லீவரை நியூட்ரலில் நிறுத்தி, ஸ்விட்சின் துளையில் கம்பியைச் செருகி நிலைப்படுத்தி, இரண்டு போல்ட்டையும் முறுக்கினார். மூன்று தடவை. மறுபடியும் ரிவர்ஸ், மறுபடியும் சாவி. விளக்கு எரிந்தது. எஞ்சின் மூச்சு விடவில்லை.

இன்ஸ்பெக்டர் மச்சினனிடம் திரும்பினார். “ஸ்விட்ச் கோணலா இருந்தா ரிவர்ஸையே நியூட்ரல்னு சொல்லும்; எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், விளக்கு எரியாது. நீங்க விளக்கைப் பார்த்தீங்க, உங்க அத்தானும் பார்த்தாரு. அப்போ ஸ்விட்ச் நேராத்தான் இருந்திருக்கு. நீங்க வண்டியை பார்க்கிங்ல ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் ரிவர்ஸுக்கு இழுத்து, கண்ணாடியில அவரைப் பார்த்துக்கிட்டே ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கீங்க. எல்லாரும் ஆம்புலன்ஸ் பின்னாடி ஓடினதும் ஸ்விட்சைக் கோணலா திருப்பி வச்சீங்க. ரிவர்ஸ்ல ஸ்டார்ட் ஆகுதான்னு சோதிச்சீங்க. வண்டிக்குப் பின்னாடி போய் விளக்கைப் பார்க்கத்தான் விட்டுட்டீங்க.”

மச்சினன் வாசல் பக்கம் நகர்ந்தான். கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. “முதலாளியும் என்னைத்தான் நினைச்சாரா மேடம்?”

“நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ‘அவன் பூட்டின ஸ்விட்ச்னா, நீங்க வேற ஆளைத் தேடுங்க’ன்னாரு.”