அலுமாரிச் சாவி

முதலில் அவர்கள் பார்த்துக்கொண்டது கண்ணாடியில்தான். அலுமாரியின் இடது கதவில் அவள் கை, வலது கதவில் அவன் கை... கண்ணாடிக்குள் இரண்டு முகங்களும் கலியாணப் படம் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது.

"இது நான் சொல்லி வச்ச அலுமாரி" என்றான் அவன்.

"பேர் எழுதி ஒட்டியிருக்கோ?" என்றாள் அவள்.

1997இல் ஒரு சனிக்கிழமை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி கனடாவுக்குப் போகிறார் என்று வீட்டுச் சாமான்களை விறாந்தையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அவன் றேமண்ட். அடுத்த தெரு, துறைமுகத்தில் கிளார்க். வயது முப்பது, கண்ணுக்கு மட்டும் பதினெட்டு. அவள் கௌரி. யாழ்ப்பாணத்திலிருந்து தாய் சிவக்கொழுந்துவோடு வந்து, ஒரு வருடம் லொட்ஜில் கிடந்து, மூன்று மாதத்துக்கு முன்தான் வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு அனெக்ஸில் குடியேறியவள். எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? நடுவில் இருப்பது ஒரு சுவர்தானே.

அதற்கு முந்திய புதன்கிழமை நடந்ததும் அந்தச் சுவருக்கு மேலால் கேட்டதுதான். வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பதிவு பார்க்கப் பொலிஸ் வந்தது. அறைக்குள் இரண்டு சூட்கேஸ், ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு... இருக்க வந்தவர்களா, வேறு எதற்கும் வந்தவர்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவர்கள் போனதும் வீட்டுக்காரம்மா வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவினம். அதுக்குள்ள இது வீடு மாதிரி இருக்க வேணும். இல்லாட்டி வேறை இடம் பாருங்கோ."

வேறை இடம்! இந்த இடம் கிடைக்கவே எத்தனை படி ஏறி இறங்கினார்கள் என்று சிவக்கொழுந்துவின் முழங்காலைக் கேட்க வேண்டும்.

ஆகவே கௌரி கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள். இரண்டு பிரம்புக் கதிரை, நீலப்பூப் போட்ட திரைச்சீலை, ஒரு பூச்சாடி எல்லாம் பொறுக்கியாயிற்று. ஆனால் அந்த அலுமாரி... தூக்கிக்கொண்டு ஓட முடியாத சாமான் வைத்திருப்பவர்களை யார் சந்தேகப்படுவார்கள்?

"நாளைக்குள்ள எனக்கு ஒரு வீடு வேணும்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். மழைக்கு முந்திய கடல் மாதிரிக் கண்கள்... இருண்டு, ததும்பி, ஆனால் ஒரு துளியும் விழ விடாமல்.

றேமண்ட் கையை எடுத்தான். "எடுங்க. எனக்கு இருக்கிறது நாலு ஷேர்ட். ஆணியில தொங்கட்டும்."

"இரக்கப்பட்டுத் தர வேண்டாம்."

"அப்ப கோவப்பட்டுத் தாறன். சரியா? என்ட கூட்டாளி நோபேட்டுட்ட லொறி இருக்கு, பின்னேரம் நானே கொண்டுவந்து இறக்குறன்."

அவள் காசைக் கொடுத்தாள். உடனே அலுமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள்.

"சாவி?"

"என்னட்டையே இருக்கட்டும். வழியில ஆரும் உள்ளுக்கு என்னத்தையும் வைச்சால், நானும் அம்மாவும்தான் உள்ளுக்குப் போவம்."

"ஆரும் என்டா... நானா?"

அவள் கைப்பையை இழுத்து மூடினாள். அவன் முகம் சிவந்தது. சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவன் வழிநெடுக ஆமி மறிக்கிற நாலு சென்றியில் நாலு தரம் திறந்து காட்ட வேண்டுமே என்று கொட்டாஞ்சேனையில் பிறந்தவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கேட்பதற்கு ரோசம் விடவில்லை.

நாலு மணிக்கு மழை. ஐந்து மணிக்கும் மழை... லொறியைக் காணோம். கௌரி வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள். 'அலுமாரியோடு ஓடியிருப்பானோ... சீ, அப்படிக் கண் இல்லை... கண்ணை நம்பலாமோ?'

ஐந்தரைக்கு நோபேட் தனியாக, நனைந்த கோழி மாதிரி ஓடி வந்தான்.

"மிஸ், பாலத்தடிச் சென்றியில பிடிச்சிட்டாங்க! பூட்டின அலுமாரி, சாவி இல்ல, ஆள் தமிழ்... வேற என்ன வேணும்? மற்றச் சென்றிக்காரன் மழைக்குள்ள கையக் காட்டி விட்டுட்டான். இவங்க விடல்ல. றேமண்ட இறக்கி வச்சிருக்கு. சாவிக்காரியே ஐடென்டிட்டி கார்ட்டோட வரணுமாம்."

சிவக்கொழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போக வேண்டாம். சாவியை இவரிட்டைக் குடுத்துவிடு. அலுமாரி எங்கடை இல்லையெண்டு சொல்லட்டும். ஆரோ ஒரு வேதக்காரப் பொடியனுக்காக..."

"பூட்டினது நான், அம்மா."

சென்றியைக் கண்டால் தெருவை மாற்றி நடக்கிற பெண் அவள். அன்று குடையும் எடுக்காமல் நேரே சென்றிக்குப் போனாள். நானும் வீட்டில் ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டாமா?

லொறியடியில் றேமண்ட் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் நின்றான், தலைமயிரிலிருந்து தண்ணீர் ஒழுக. அவளைக் கண்டதும் "ஏன் வந்தீங்க?" என்றான்.

"யதுர கோ?" என்று கை நீட்டினார் அதிகாரி. சாவி என்று அவளுக்கே விளங்கியது. லொறியில் ஏறித் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை... அந்துருண்டை வாசம் மட்டும்.

அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவளுக்குச் சிங்களம் அவ்வளவு ஓடாது.

"என்னவாம்?"

றேமண்ட் தொண்டையைச் செருமினான். "நான்... உங்களுக்கு யார் என்டு கேக்கிறார்."

மழை லொறிப் படங்கில் கொட்டியது. தெரியாத ஆள் என்றால் இவனை விடமாட்டார்கள். அது ஒரு காரணம்தான். ஆனால் அவள் முகத்தை நான் பார்த்தேன், மற்றக் காரணமும் அதில் இருந்தது.

"நான் கட்டப்போறவர் எண்டு சொல்லுங்கோ."

அவன் அதிகாரியை விட்டுவிட்டு அவளையே பார்த்தான்.

"சொல்லுங்கோவன்!"

சொன்னான். காது இரண்டும் செம்பரத்தம்பூ. அதிகாரி சிரிக்காமல் இன்னொரு கேள்வி கேட்டார்.

"அப்படியென்டா... சாவிய ஏன் என்னட்டத் தரல்லயாம்."

"காலமை அவரை நம்பேல்லை எண்டு சொல்லுங்கோ." அவள் சாவியை அவன் ஈரக் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள். "இனி நம்புறன் எண்டும்..."

அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரிக்குத் தேவைப்படவுமில்லை. போ என்று கையைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் வந்தது. அலுமாரியைத் தட்டிப் பார்த்து, நீலப்பூத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்காரம்மா வேறை இடம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிரம்புக் கதிரையில் றேமண்ட் இருந்தான். சிவக்கொழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தாராம், ஆனால் நல்ல கோப்பையில்.

தாய் குசினிக்குள் போனதும் சுவருக்கு மேலால் அவன் குரல் மெதுவாக வந்தது.

"கௌரி... ஒரு பொய் சொல்லிட்டன். அந்த அலுமாரிய நான் சொல்லி வைக்கல்ல. ஒரு முக்காலி வாங்கத்தான் வந்தனான். கண்ணாடியில உங்களக் கண்டதும் கை தன்பாட்டில அந்தக் கதவுக்குப் போயிட்டு... அப்பவே விருப்பம்."

பிரம்புக் கதிரை ஒன்று கிரீச்சிட்டது. நான் சுவரோடு காதை ஒட்டினேன்.

"அந்த முக்காலியையும் கொண்டு வாங்கோ" என்றாள் கௌரி. "இஞ்சை இன்னும் இடம் கிடக்கு."