புளிக்கொட்டகையில் குடியேறியது

சந்தவாசலிலிருந்து மலையேறிய பேருந்து ஜோஸ்லினை இறக்கிவிட்டபோது, நண்பகலிலேயே சவ்வாது மலை இருண்டிருந்தது. சென்ற ஆண்டு அவளுடைய அக்காள் மெர்சிலின் உயிரிழந்த புளிக்கொட்டகை இன்று மறுபடியும் திறக்கப்படுகிறது. அதைத் தடுக்கவே அவள் வந்தாள்.

புளி உடைக்கும் வேலைக்கு வந்த பெண்கள் வாசலிலேயே தயங்கி நின்றனர். உள்ளிருந்து புளித்த வாடை வீசியது. சுவரெங்கும் ஒழுங்கற்ற வலைகள். அவற்றில் முள் முளைத்த முட்டைப்பைகள். கடல் கடந்த வெப்பநாட்டுச் சிலந்தி அது. முதலாளி தங்கவேல் துறைமுகத்தில் மலிவாக வாங்கிய பழைய பிளாஸ்டிக் பெட்டிகளின் விளிம்பில் ஒளிந்து மலையேறியிருந்தது.

“புளியில வண்டு வுழாம சிலந்திதான் காக்கும்னு வலைய கலைக்காம வுட்டோம்,” என்று முணுமுணுத்தாள் மலைக்காரி அம்மாக்கண்ணு. “இது நம்மூரு சிலந்தி இல்லன்னு யாருக்குத் தெரியும்?”

ஆயினும் மெர்சிலினைக் கொன்றது சிலந்திக்கடி அன்று. கடிபட்டு மூச்சுத் திணறியவள் கதறக் கதற, லோடு முடியும்வரை வெளித்தாழ்ப்பாளை நீக்க மறுத்தவன் தங்கவேல்.

இப்போது அவன் வேனிலிருந்து இறங்கினான்.

“இன்னாம்மா, பூச்சிக்குப் பயந்தா பொழப்பு நடக்குமா?”

“மொதல்ல நீங்க போய் குந்துங்க மொதலாளி. அப்புறம் இவங்க வரட்டும்.”

ஜோஸ்லின் கொட்டகைக்குள் கைகாட்டினாள்.

அவன் சிரித்தபடி உள்ளே சென்று, ஒரு பெட்டியைக் கவிழ்த்து அமர்ந்தான்.

சடக்.

புளியம்பழத்தின் ஓடு உடையும் ஓசை. அவன் கைகளோ மடியில் இருந்தன.

சடக். சடக்.

காற்றில்லை. மூலையில் வலைகள் அசைந்தன.

“யார்ரா அது?”

“லோடு முடிஞ்சிடுச்சாங்க, மொதலாளி?”

அவன் காதருகே ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு கேட்டது.

அக்குரலை ஜோஸ்லின் அறிவாள்.

தங்கவேல் தடுக்கி விழுந்து, எழுந்து, வெளியே பாய்ந்தான். “பூட்டுங்க! இனிமே தொறக்கவே வாணாம்!” என்று அலறிச் சாவியை அம்மாக்கண்ணுவிடம் எறிந்துவிட்டு, வேனைக் கிளப்பினான்.

“ஓட்டத்தப் பாரு, சிங்கம் போவுது!” என்றாள் அம்மாக்கண்ணு. கொட்டகை பூட்டப்பட்டது. ஜோஸ்லின் வந்த காரியம் நிறைவேறிற்று.

கொண்டையூசி வளைவில் வேன் திரும்பியது. அதன் பின்கண்ணாடி வழியே ஜோஸ்லின் கண்டாள்: அவனுக்குப் பின்னிருக்கையில் மெர்சிலின் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். அவள் விரல்கள் அவனது பிடரியைச் சுற்றி எதையோ நிதானமாக நெய்துகொண்டிருந்தன.

கூவி எச்சரித்திருக்கலாம்.

ஜோஸ்லின் வாய் திறக்கவில்லை.

வேன் அடிவாரத்துப் படவேட்டை நோக்கி இறங்கியது.