இரண்டு தொப்புள்கொடிகள்

செஞ்ஞாயிறு பெருங்கோளின் விளிம்பில் சாய, இரு நிலவுகளும் முன்னும் பின்னுமாய் எழுந்து, விண்ணில் மிதந்த வெண்மீன் கோட்டையின் கொத்தளங்களுக்குப் பால்வண்ணம் பூசிக்கொண்டிருந்த அந்தி வேளையில், அரண்மனை வைத்தியர் செங்கோதை நிலைகொள்ளாமல் மேல்மாடத்தில் உலவிக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டைக்கு அகழி கிடையாது, அன்பார்ந்த வாசகர்களே. சுற்றிலும் காற்றே இல்லாத பெருவெளி இருக்கையில் அகழி எதற்கு? பகைவர் நுழைய முடியாத அந்த இடத்தில்தான் செங்கோதையின் பயம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்தது.

மறுநாள் இளவரசர் எழினிக்கு முடிசூட்டு விழா. பட்டத்துக்குரியவர் பிறந்தபோது அறுத்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பேழையில் காப்பதும், முடிசூடும் நாளில் அதை அணிந்து, 'இந்தக் கொடி என்னுடையது' என்று சபையில் சத்தியம் செய்வதும் அந்நாட்டு வழக்கம்.

பேழையோடு எழினியே அங்கு வந்தார். "தாயே, இதில் இரண்டு தாயத்துகள் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு இரண்டு கொடியா?"

ஒன்றைத் தூக்கி எறிந்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. ஒரு குழந்தையின் கொடியை எறிய அவளுக்குக் கை வரவில்லை. இருந்த ஒரே பேழையிலேயே வைத்துவிட்டாள். கெட்டிக்காரர்கள் செய்யும் அசட்டுத்தனமே தனி.

"அரசியார் பிள்ளையைப் பெற்றவுடனே கண்மூடிவிட்டார்" என்றாள் செங்கோதை. "அந்தப் பிள்ளையும் பதினோராம் நாள் இறந்தது. நோயால் அல்ல, இளவரசே, என் கையால். களைப்பில் ஒரு துளி புகட்டவேண்டிய மருந்தை ஐந்து துளி புகட்டிவிட்டேன். சக்கரவர்த்தி போர்முனையில் இருந்தார். இறந்த பிள்ளையின் உயிரணு ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் கருப்பையில் வளர்த்தேன். அதே அச்சாக அதில் பிறந்தவர் தாங்கள். இரண்டாவது கொடி தங்களுடையது. மூன்றாண்டுக்குப் பின் திரும்பிய சக்கரவர்த்தி, 'பிள்ளை மெலிந்திருக்கிறானே' என்றதோடு சரி."

எழினி இரு தாயத்துகளையும் உள்ளங்கையில் எடுத்தார்.

"தங்கள் கொடியை இப்போதே எரித்துவிடுகிறேன்" என்று அவள் கெஞ்சினாள். "பாவம் என்னோடு போகட்டும். தாங்கள் முடி சூடுங்கள்."

"அந்தப் பிள்ளையை எங்கே அடக்கம் செய்தீர்கள்?"

"பெருவெளியில் விட்டேன். வாய்விட்டு அழவும் அஞ்சினேன். யாருக்காக அழுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது?"

எழினி தம் இடைவாளைத் தொட்டார். "அவன் பெயரில் உண்டேன். அவன் தந்தையின் மடியில் உறங்கினேன். இந்த வாளின் மீது ஆணை, தாயே. நாளை நான் பொய்ச் சத்தியம் செய்யப்போவதில்லை. அவன் பிறந்ததையும் இறந்ததையும் சபையில் சொல்வேன். முடியைத் தருவதும் தலையைக் கொய்வதும் அவர்கள் விருப்பம்."

"மருந்து புகட்டியவள் நான். அதை நானே வந்து சொல்கிறேன்" என்றாள் செங்கோதை. சொன்னதும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினாள். காவலர்கள் வேலும் கையுமாய் ஓடிவந்து, வைத்தியர் எதற்காக அழுகிறார் என்று திகைத்து நின்றார்கள்.

எழினி அவளருகே தரையில் அமர்ந்தார்.

"என் அண்ணன் இறந்துவிட்டான்" என்றார் காவலர்களிடம்.