பாதிப் பை மண்

பை கனக்கவில்லை. அந்தோணிராஜ் அதை எடுத்து மறுபடி தராசில் வைத்தான். கள்ளிக்குப்பத்தில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகைக்குப் பின்னால், சனிக்கிழமை அவனே தோண்டி, நிறுத்து, கட்டிய மண். மறுநாள் ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும் என்று வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். இப்போது பாதிதான் இருந்தது. நூலிலிருந்த முடிச்சும் அவன் போட்டதில்லை.

"இன்னா மச்சான், மண்ணு நிறுக்கவே தெர்ல, நீயெல்லாம் மிஷின்ல குந்திகினு கீறே?" உடன் வேலை பார்க்கும் உலகநாதன் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தானே.

மண்ணில் கொஞ்சம் எடுத்து அமிலத்தில் கரைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொடுத்தான். பம்பின் உறுமலுக்கு நடுவே பச்சைத் திரையில் ஈயத்தின் கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போய் உச்சியில் முட்டி நின்றது. விரலில் பட்டாலே கழுவ வேண்டிய மண்.

அப்போதுதான் மனைவியின் நினைவு வந்தது. அருள்செல்விக்கு ஐந்து மாதம். இரண்டு நாளாகச் சோற்றைத் தள்ளிவிட்டு, நனைந்த சுவரை முகர்ந்துகொண்டு நிற்கிறாள்.

ஓடினான். கரண்ட் போன கள்ளிக்குப்பத் தெருவில் பொழுது சாய்ந்துகொண்டிருக்க, கொட்டகையின் புளித்த நெடி தொண்டையில் ஒட்ட, ஒவ்வொரு வாசலிலும் இருந்த முகங்கள் அவனையே முறைப்பதுபோலத் தோன்ற, வீட்டுக் கதவைத் தள்ளியதும் அந்தச் சத்தம் கேட்டது.

கறுக்.

சோற்றில் மணல் கடிபடுவதுபோன்ற சத்தம்.

"செல்வி... வாயைத் தொற."

"இன்னாத்துக்குய்யா?"

"அது வெசம்டி! கொழந்த செத்துடும்!"

"நானா கேட்டேன்? உள்ள கீறது கேக்குது."

விரலை விட்டு வழித்தான். கறுப்பாக வந்தது. கடித்தாள். விரலில் இரத்தம் சொட்டச் சொட்ட அவள் வாயைக் கழுவிவிட்டு, அவளைப் படுக்க வைத்து, மெழுகுவத்தி ஏற்றினான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பணத்துக்காக அலமாரியைத் திறந்தான்.

கறுக்.

திரும்பினான். அவள் உதடுகள் மூடியிருந்தன. தாடை அசையவில்லை. வாயைத் திறந்து பார்த்தான். சுத்தமாக இருந்தது.

கறுக். கறுக்.

கீழேயிருந்து.

மண்டியிட்டான். சேலையை விலக்கி, அவள் வயிற்றில் காதை வைத்தான். மெல்லும் சத்தம். நிதானமாக. பற்களோடு.

நின்றது.

அவன் காதுக்கு நேராக, தோலுக்கு அந்தப்புறம், ஒரு வாய் மெதுவாகத் திறந்தது.